கோடு நட்டவரும் கடல்கட்டியும்

குறுந்தொகை 269ஆம் பாடலில் கல்லாடனார் காட்டும் தந்தை, சுறா தாக்கிய புண் ஆறியதும் மீண்டும் கடலுக்குச் சென்றுவிடுகிறார். தாய் உப்பை மாற்றி நெல் கொண்டுவர உப்பளத்திற்குப் போயிருக்கிறாள். தலைவன் வருவதற்கு ஏற்ற வேளை என்பது குறிப்பு. வகுப்பறை விளக்கம் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடுகிறது. சுறா நெய்தலின் கருப்பொருள் பட்டியலுக்குள் ஒதுங்குகிறது. யானும் பல்லாண்டுகள் இவ்வாறே கற்பித்தேன்.

பட்டினப்பாலையை அருகில் வைத்துப் படித்தால் இவ்விளக்கத்தின் போதாமை புலப்படும். அங்கே முழுநிலா நாளில் கடலுக்குச் செல்லாத பரதவர், கருவுற்ற சுறாவின் கோட்டை நட்டு, அதில் தெய்வத்தை ஏற்றி வழிபடுகின்றனர். (கோடு கூறப்படுவதால் அது வேளா மீனாகலாம்.) புண் செய்யும் உயிரே தெய்வத்திற்கும் இருப்பிடமாகிறது. இதனை அச்சத்தின் விளைவு என்று மட்டும் கொள்வது எளிய முடிவு. புண்பட்டவர் திரும்பிச் செல்லும் கடலை அச்சம் ஒன்றே விளக்காது.

சங்கப் பரதவரையும் பிற்கால முத்துக்குளிப்போரையும் நேர்க்கோட்டில் இணைப்பது பிழை. எனினும் மன்னார் வளைகுடாச் சான்றுகள் இங்குத் துணைசெய்கின்றன. பெருமீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு முத்துக்குளிப்பில் கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு தரப்பட்டதாக 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த மார்க்கோ போலோ எழுதுகிறார். அக்கட்டு பகலுக்கு மட்டுமே உரியது, இரவில் அவிழ்க்கப்படும். அதாவது, சுறாவை வெல்வதன்று நோக்கம். ஒரு பகற்பொழுதுக்கான உடன்பாடே. இரவில் எவரும் திருட்டுத்தனமாகக் குளிக்காதிருக்கவும் அது உதவியிருக்கும்.

எமர்சன் டென்னன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் 'கடல்கட்டி' வருகிறார். பரம்பரையாக இப்பணி செய்த குடும்பத்தின் அன்றைய தலைவர் கத்தோலிக்கர். அவர் நோயுற்றதால் வந்த பதிலாள், மந்திரம் தமக்குத் தெரியாது, ஆயினும் தலைவரின் சார்பாளர் என்பதைச் சுறாக்கள் மதிக்கும் என்றாராம். டென்னன்ட் இதனை நகைப்புக்குரியதாகவே காட்டுகிறார். எனக்கோ அந்நூலின் இப்பகுதியில் மிக முக்கியமான கூற்று இதுவே. மந்திரச் சொல்லைவிடப் பதவியே பெரிது. சுறாவும் அவ்வொழுங்கை அறிந்த ஒரு தரப்பு.

ஆங்கிலேயர் ஆட்சியில் உறுதியான சுறாத் தாக்குதல் ஒன்றே நிகழ்ந்ததாகக் கூறும் டென்னன்ட், படகுகளின் இரைச்சலும் ஆட்களின் திரளும் சுறாக்களை விரட்டியிருக்கலாம் என்கிறார். ஏற்கத்தக்க காரணமே. ஆயினும் கடல்கட்டியின் சடங்கின்றி எந்த முத்துக்குளிப்பும் தொடங்குவதில்லை என்பதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார்.