குயிற்பெடையும் மரபணுச் சான்றும்

பாரதியாரின் குயிற்பாட்டிற் காதலிசை பாடுவது பெண்குயில். சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் மட்டக்களப்பு வாவிக்கரை மரங்களில் ஓயாது கூவுவதோ செங்கண்ணுடைய கரிய ஆண்குயில். பெடை பழுப்புடலில் வெண்புள்ளி உடையது; 'கிக், கிக்' என வெடுக்கெனக் கத்துவது. இதுகொண்டு கவிஞர் பிழைபட்டார் என்பாருளர். அவ்வுரை எமக்கு உடன்பாடன்று. பாட்டின் குயில் முற்பிறப்பில் வேடர்குலச் சின்னக்குயிலி. அவளது பெண்மையே கதையின் உயிர்நிலை. இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியான விபுலாநந்த அடிகளும் நம் வாவியின் மீனொலியை நீரரமகளிர் இசையாகப் பாடினார். அறியாமையாற் பாடினார் என யார் சொல்வர்? ஆயின், குயிற்பெடை இனிது கூவும் என்பதை இயற்கை உண்மையாக நாம் மாணவர்க்குக் குறிப்பெழுதிக் கொடுப்போமாயின், குற்றம் கவிஞரதன்று, நம்முடையதே.

குயிலுக்குக் கண்ணும் செவியும் போதும். வாவியில் இரைதேரும் கொக்கு, நாரை, நீர்க்காகம் என்பவற்றிலோ சேவலும் பெடையும் நிறத்தால் ஒத்தன. ஒரு கூட்டத்திற் பெடைகள் எத்துணை என்றறியாது அதன் பெருக்கத்தைக் கணித்தல் இயலாது. ஈண்டே மரபணு ஆய்வு வேண்டப்படும். மாந்தரிற் பால்குறிக்கும் நிறமூர்த்தங்கள் இரண்டும் வேறுபட்டிருப்பது ஆணுக்கு, புள்ளினத்திலோ பெண்ணுக்கு. பெடைக்கு இசட் ஒன்று, டபிள்யூ ஒன்று; சேவலுக்கு இசட் இரண்டு. சீ.எச்.டீ என்னும் மரபணு இருவகை நிறமூர்த்தத்திலும் உண்டு; எனினும் அதன் ஒரு பகுதி நீளத்தால் வேறுபடும். பிடுங்கிய இறகொன்றின் அடியிலிருந்து டீ.என்.ஏ.யைப் பெற்று, அப்பகுதியை மட்டும் பன்மடங்காகப் பெருக்கி, ஜெல் தகட்டில் மின்னோட்டத்தாற் பிரிப்பர். சேவலாயின் ஒரு கோடு தோன்றும், பெடையாயின் இரண்டு. கிரிபித்ஸ் முதலியோர் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட முறை இது. பால் அறிதற்பொருட்டு மட்டும் பறவையின் உடலைக் கீறிப் பார்க்கும் தேவை இதனாற் பெரிதும் குறைந்தது. யாம் இதனை மதிப்பது முதலில் அதன்பொருட்டே.

எப்பறவைக்கும் ஏற்ற முறை என இதனைப் புகழ்வாரும் உளர். அது மிகை. சேவல் என்னும் பெயரைச் சிறகுடையவற்றுக்கெல்லாம் வழங்கிய தொல்காப்பியர் மயிலை விலக்கினார். இங்கும் அத்தகைய விலக்கு உண்டு. தீக்கோழியிலும் ஈமுவிலும் இருவகை நிறமூர்த்தங்களும் பெரிதும் ஒத்திருத்தலின், சீ.எச்.டீ மரபணு அவற்றின் பாலை உணர்த்தாது. அவற்றுக்கு வேறு மரபணுக் குறிகளை நாடவேண்டும்.