இமாமின் இருபத்தைந்தும் மூளையின் இருபத்தைந்தும்

மனித மூளை 25 வயதில்தான் முதிர்கிறதாம். இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அன்றே அதை அறிந்து 25 வயதை வரையறுத்தார்களாம். ஆகவே, தாம் ஆணா பெண்ணா என்று தடுமாறும் பிள்ளைகளின் பேச்சுக்கு அதுவரை மதிப்பில்லையாம். அண்மையில் ஒரு மார்க்கச் சொற்பொழிவில் கேட்டது இது. பதினாறு வயது மகனோடு வந்திருந்த ஒரு தந்தை, “அப்படியானால் இன்னும் 9 வருடம் இவன் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம்தானே ஹஜ்ரத்?” என்று கேட்டார். ஆம் என்றே பதில் வந்தது.

இமாமவர்களின் தீர்ப்பு சொத்தைப் பற்றியது. அநாதைகள் பருவமெய்தி, அவர்களிடம் ‘ருஷ்து’ எனும் பொறுப்பறிவு தென்பட்டால் அவர்களது பொருளை ஒப்படைக்குமாறு திருக்குர்ஆன் (4:6) பணிக்கிறது. தென்படாவிட்டால்? 25 வயதுவரை நிறுத்தி வைக்கலாம், அதற்குமேல் கூடாது என்றார்கள் இமாம். ஹனஃபி நூல்கள் கூறும் காரணம் சுவையானது. ஆண் 12 வயதில் பருவமெய்தலாம். கர்ப்பத்தின் குறைந்தபட்சக் காலம் 6 மாதம். மகனும் அவ்வாறே எனில், 25 வயதில் ஒருவன் பாட்டனாகிவிடக்கூடும். பாட்டனைச் சிறுவனாக நடத்தலாகாது! இதில் மூளை எங்கே வந்தது? மேலும், பொருள் கைக்கு வராத அவ்விளைஞன் செய்யும் கொடுக்கல் வாங்கல் செல்லும் என்பதும் இமாமின் கருத்தே. அவர்களின் மாணவர்களான அபூ யூசுஃபும் முஹம்மதும் (ரஹ்) இதில் மாறுபட்டு, வயது வரம்பின்றி ருஷ்து வரும்வரை நிறுத்தச் சொன்னார்கள். இளைஞனின் சொல்லுக்கு அதிக இடம் தந்த தீர்ப்பே அவன் வாயை அடைக்கப் பயன்படுவது விந்தை.

அறிவியலும் அவ்வாறு கூறவில்லை. திட்டமிடலையும் தன்னடக்கத்தையும் ஆளும் முன்மூளை இருபதுகளிலும் மாறிக்கொண்டிருக்கிறது. 25 ஓர் எல்லைக்கல் அன்று. அமைதியாக ஆராய்ந்து முடிவெடுப்பதில் 16 வயதினர் பெரியவர்களுக்கு ஏறக்குறைய நிகர். உணர்ச்சி கொந்தளிக்கையிலும் தோழர் சூழ்ந்திருக்கையிலுமே பின்தங்குகின்றனர். தான் ஆணா பெண்ணா என்ற உணர்வோ பெரும்பாலான பிள்ளைகளிடம் 3 வயதளவிலேயே வெளிப்படுவது. அதை மெய்யென்றோ பொய்யென்றோ காட்டும் மூளைப்படம் எதுவும் இல்லை.

மீளமுடியாத சிகிச்சை வேறு விஷயம். பருவமாற்றத்தைத் தள்ளிப்போடும் மருந்துகளுக்கான சான்றுகள் வலுவற்றவை என 2024 ஏப்ரலில் பிரிட்டனில் வெளியான காஸ் அறிக்கை கண்டது. அங்கே ருஷ்து பற்றிய கேள்வி நியாயமானது. பிள்ளை சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க ருஷ்து நிபந்தனையன்று.

‘முகன்னஸ்’ பற்றி ஸஹீஹ் முஸ்லிம் விரிவுரையில் எழுதும் இமாம் நவவி (ரஹ்), இயல்பிலேயே அவ்வாறு அமைந்தவரையும் வேண்டுமென்றே பாவனை செய்பவரையும் பிரிக்கிறார்கள். முன்னவர்மீது பழியுமில்லை, பாவமுமில்லை. பேசாமல் இதைப் பிரித்தறிவது எவ்வாறு? கூட்டம் கலைந்தபின் அத்தந்தையிடம் இப்பகுதியைச் சொன்னேன். பையன் அப்போதுதான் தலை நிமிர்ந்தான்.