ஹேபரைத் தராசில் நிறுக்கலாமா?

“விஞ்ஞானம் ஆக்கத்திற்கா, அழிவிற்கா?” இந்தத் தலைப்பில் நீங்களும் பள்ளி மேடையில் ஒருமுறையேனும் பேசியிருப்பீர்கள், அல்லது பிறர் பேசக் கேட்டிருப்பீர்கள். ஓர் அணியினர் பென்சிலினையும் மின்விளக்கையும் எடுத்துக்காட்டுவர். மற்றோர் அணியினர் அணுகுண்டைக் காட்டுவர். இறுதியில் நடுவர் எழுந்து, “கத்தியைக் கொண்டு காயும் நறுக்கலாம், கழுத்தையும் அறுக்கலாம், குற்றம் கத்தியில் இல்லை” என்று தீர்ப்புக் கூறுவார். எல்லோரும் கைதட்டிக் கலைவர்.

இந்தத் தீர்ப்பு கேட்க இனிமையானது. ஆனால் அது முழுமையானதா? கத்தியைப் பற்றிப் பேசிய நடுவர், அதைக் கையில் பிடித்திருந்தவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே! இதைச் சோதித்துப் பார்க்க ஏற்றவர் ஒருவர் இருக்கிறார். அவர்தாம் ஜெர்மானிய வேதியியலறிஞர் பிரிட்ஸ் ஹேபர் (1868-1934). கோடிக்கணக்கானோருக்கு உணவு தந்தவர் என்றும், நச்சுவாயுப் போரின் தந்தை என்றும் ஒரே மனிதரைப் புத்தகங்கள் வருணிக்கின்றன. பெரும்பாலான கட்டுரைகள் நன்மையை ஒரு தட்டிலும் தீமையை மறு தட்டிலும் வைத்து, எது கனம் என்ற வினாவோடு முடிந்துவிடுகின்றன. ஹேபரை இப்படித் தராசில் நிறுப்பது சரியல்ல என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஏன் என்று காண்போம்.

காற்றிலிருந்து உணவு

முதலில் நன்மையைப் பார்ப்போம். பயிர் வளர நைட்ரஜன் தேவை. நம்மைச் சுற்றியுள்ள காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் கடல் நடுவே தாகத்தால் தவிப்பவனைப் போன்றது பயிரின் நிலை. நைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகப் பிணைந்திருக்கின்றன. இந்தப் பிணைப்பைப் பிரித்துப் பயன்படுத்தும் ஆற்றல் பயிர்களுக்கு இல்லை. அவரை இனச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா போன்ற சில நுண்ணுயிர்களுக்கே அது உண்டு.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பா தென் அமெரிக்காவின் சிலி நாட்டு வெடியுப்பை உரமாக நம்பியிருந்தது. அது ஒருநாள் தீர்ந்துவிடும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தர வேதியியலறிஞர்களால் இயலாவிட்டால் கோதுமைப் பஞ்சம் வரும் என்று 1898-இல் இங்கிலாந்தின் வில்லியம் குரூக்ஸ் எச்சரித்தார்.

அந்தச் சவாலை ஏற்று வெற்றி கண்டவர் ஹேபர். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் அம்மோனியா உண்டாகும். ஆனால் வெப்பத்தைக் கூட்டினால் வினை விரைவாக நடந்தாலும், உண்டான அம்மோனியா மீண்டும் சிதைந்துவிடும். வெப்பத்தைக் குறைத்தால் வினையே நடக்காது. இந்த இக்கட்டிலிருந்து விடுபட ஹேபர் மூன்று வழிகளை இணைத்தார். வாயுக்களைச் சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தத்திற்கு உட்படுத்தினார். ஆஸ்மியம் என்ற உலோகத்தை வினையூக்கியாகப் பயன்படுத்தினார். உண்டான அம்மோனியாவைக் குளிர்வித்துப் பிரித்துவிட்டு, எஞ்சிய வாயுவைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டார். 1909 ஜூலையில் கார்ல்ஸ்ரூ நகரிலிருந்த அவருடைய ஆய்வுக்கூடத்தில், பி.ஏ.எஸ்.எப். நிறுவனத்தார் கண்முன்னே அம்மோனியா சொட்டத் தொடங்கியது. 1913-இல் ஓப்பாவ் என்னுமிடத்தில் தொழிற்சாலையே எழுந்தது.

இன்று நம் வயலில் இடும் யூரியாவும் இந்த அம்மோனியாவிலிருந்து பிறந்ததுதான். உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உணவு கிடைப்பது இந்த முறையால் என்று இக்கால ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். உங்கள் உடலிலுள்ள புரதங்களில் இருக்கும் நைட்ரஜனிலும் கணிசமான பங்கு ஏதோ ஒரு தொழிற்சாலையைக் கடந்து வந்ததே.

காற்றிலேயே மரணம்

இனி மறுபக்கத்திற்கு வருவோம். 1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. ஹேபர் அப்போது பெர்லினில் கெய்சர் வில்ஹெல்ம் பௌதிக வேதியியல் கழகத்தின் இயக்குநர். போருக்கு உதவத் தாமே முன்வந்தார். பதுங்குகுழிகளில் ஒளிந்திருக்கும் எதிரியை வெளியேற்ற, காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனமான குளோரின் வாயுவைப் பயன்படுத்தலாம் என்ற திட்டத்தை வகுத்தார். கனமான வாயு தரையோடு ஊர்ந்து சென்று பள்ளங்களில் இறங்கும் அல்லவா?

1915 ஏப்ரல் 22-ஆம் நாள் மாலை, பெல்ஜியம் நாட்டு ஈப்ரே நகருக்கு அருகே, சுமார் 6 கிலோமீட்டர் நீளமுள்ள போர்முனையில் 5,700-க்கும் மேற்பட்ட உருளைகள் திறக்கப்பட்டன. 150 டன்னுக்கும் அதிகமான குளோரின் மஞ்சள் கலந்த பச்சை நிறப் புகையாக எதிரிகளை நோக்கி நகர்ந்தது. குளோரின் நுரையீரலின் ஈரத்தில் கரைந்து அமிலமாகிறது. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. நிலத்தில் நின்றுகொண்டே நீரில் மூழ்கி இறப்பதற்கு ஒப்பான சாவு அது. உருளைகளைப் புதைக்கும் பணியையும் தாக்குதலுக்கான ஏற்பாடுகளையும் மேற்பார்வையிடப் போர்முனைக்கு நேரில் சென்றவர் ஹேபர்.

ஐந்தே மாதங்களில், செப்டம்பர் 25 அன்று, லூஸ் என்னுமிடத்தில் பிரிட்டிஷ் படையும் குளோரினைத் திறந்துவிட்டது. பின்னர் பாஸ்ஜீன் வந்தது. 1917-இல் கடுகு வாயு வந்தது. அந்தப் போரில் நச்சுவாயுக்களால் மாண்டவர் சுமார் 90,000 பேர் என மதிப்பிடப்பட்டுள்ளது. போர் முடிந்தபின் 1918-ஆம் ஆண்டிற்குரிய வேதியியல் நோபல் பரிசு, அம்மோனியாவுக்காக, இதே ஹேபருக்கு அறிவிக்கப்பட்டது!

தராசின் குறைகள்

ஒரு தட்டில் பாதி உலகின் உணவு. மறு தட்டில் 90,000 உயிர்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் விடை எளிது. ஆனால் இந்தக் கணக்கில் மூன்று பிழைகள் இருக்கின்றன.

முதலாவது: கடனும் வரவும் ஒரே கணக்கில் இருந்தால்தான் கழிக்க முடியும். ஈப்ரேயில் மூச்சுத்திணறி இறந்த வீரனுக்கும், பிற்காலத்தில் எங்கோ வயிறார உண்டவனுக்கும் என்ன தொடர்பு? ஆயிரம் பேருக்கு அன்னதானம் செய்தவர் ஒருவரைக் கொன்றால், “சாப்பாடு போட்டவராயிற்றே!” என்று எந்த நீதிமன்றமாவது விடுவிக்குமா?

இரண்டாவது: நன்மைத் தட்டில் இருப்பது முழுவதும் ஹேபருடையது அன்று. உயர் அழுத்தக் கருவியைத் திறம்பட அமைத்துத் தந்தவர் ராபர்ட் லெ ரோசிஞோல் என்ற பிரிட்டிஷ் உதவியாளர். அரிய ஆஸ்மியத்திற்குப் பதிலாக, மலிவான இரும்பில் சிறிது அலுமினியம், பொட்டாசியம் சேர்மங்களைச் சேர்த்து வினையூக்கி செய்யலாம் என்று ஆயிரக்கணக்கான சோதனைகளுக்குப் பின் கண்டவர் ஆல்வின் மிட்டாஷ். ஹைட்ரஜன் எஃகைத் தாக்கிப் பலவீனமாக்கி உலைகளை வெடிக்கச் செய்தபோது, உள்ளே மென்மையான இரும்பு உறையிட்டு அதைச் சமாளித்தவர் கார்ல் பாஷ். அதனால்தான் இது ‘ஹேபர்-பாஷ் முறை’ எனப்படுகிறது.

மூன்றாவது: நன்மைத் தட்டும் தூய்மையானது அன்று. பிரிட்டனின் கடல் முற்றுகையால் சிலி வெடியுப்பு வருவது நின்றபோது, ஜெர்மனி அம்மோனியாவை நைட்ரிக் அமிலமாக்கி வெடிமருந்து தயாரித்தது. ஹேபரின் கண்டுபிடிப்பு இல்லையேல் அந்நாடு நான்கு ஆண்டுகள் போரிட்டிருக்க முடியாது என்பது பலர் கருத்து. வயலுக்குச் சென்ற அதே அம்மோனியாதான் பீரங்கிக்கும் சென்றது.

கேட்க வேண்டிய மூன்று வினாக்கள்

தராசுக்குப் பதில் வேறென்ன செய்யலாம்? ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். அவர் எதைக் கண்டுபிடித்தார்? அவர் தாமே என்ன செய்தார்? அவருக்குப் பின் பிறர் அதைக்கொண்டு என்ன செய்தனர்? இம்மூன்றிற்கும் பொறுப்பின் அளவு வேறு வேறு.

அம்மோனியா முதல் வகை. கத்தி உவமை இங்கே ஓரளவு பொருந்தும். அந்த வினையின் சமன்பாட்டில் உரமும் இல்லை, குண்டும் இல்லை.

மூன்றாவது வகைக்கு எடுத்துக்காட்டு சைக்ளான். போருக்குப்பின் ஹேபரின் கழகத்தில் தானியக் கிடங்குப் பூச்சிகளைக் கொல்ல ஹைட்ரஜன் சயனைடை ஆராய்ந்தனர். அந்தப் பணியின் தொடர்ச்சியாக உருவானதே ‘சைக்ளான் பி’. 1941 முதல் நாஜிகள் ஆஷ்விட்ஸ் முதலிய முகாம்களில் யூதர்களைப் பெருந்திரளாகக் கொல்ல அதைப் பயன்படுத்தினர். ஹேபர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய உறவினர் சிலரும் அம்முகாம்களில் மாண்டனர். ஆனால் ஹேபர் 1934-லேயே இறந்துவிட்டார். இக்கொலைகளை அவர் திட்டமிடவுமில்லை, அறியவுமில்லை. இதை அவர் தலையில் சுமத்துவது நியாயமன்று. ஆயினும் பல கட்டுரைகள் உருக்கத்திற்காக இதையும் ஈப்ரேயையும் ஒரே பட்டியலில் சேர்த்துவிடுகின்றன.

ஈப்ரே இரண்டாவது வகை. குளோரினைக் கண்டுபிடித்தவர் ஹேபர் அல்லர். 1774-லேயே ஷீலே அதைத் தயாரித்துவிட்டார். எனவே அங்கே நடந்தது, ஒரு கண்டுபிடிப்பு தவறான கைக்குப் போன கதை அன்று. திட்டம் அவருடையது, மேற்பார்வை அவருடையது. கத்தியும் கையும் ஒருவரிடமே இருந்தன. ஆகவே நடுவரின் தீர்ப்பு இங்கே செல்லாது.

“நாட்டுப்பற்றினால் செய்தார், அக்காலத்தில் எல்லோரும் அப்படித்தான்” என்று நீங்கள் மறுக்கலாம். இதில் பாதி உண்மை. பிரான்சும் கண்ணீர்ப்புகையைப் போர்முனையில் பயன்படுத்தியிருந்தது. நோபல் பரிசு பெற்ற விக்டர் கிரின்யார்டும் அந்நாட்டிற்காக நச்சுவாயு ஆய்வில் ஈடுபட்டார். வென்ற நாட்டாரை விட்டுவிட்டு ஹேபரை மட்டும் பழிப்பது நடுநிலையாகாது. ஆனால் எல்லோரும் செய்தனர் என்பதால் ஒரு செயல் சரியாகிவிடுவதில்லை.

தவிர, எல்லோரும் செய்யவில்லை என்பதே உண்மை. நச்சுவாயுப் பணியில் சேர மாக்ஸ் பார்ன் மறுத்தார். சூரிச்சில் பணியாற்றிய ஜெர்மானியரான ஹெர்மன் ஸ்டாடிங்கர் போர்க்காலத்திலேயே இரசாயனப் போருக்கு எதிராகக் குரல் எழுப்பினார். அவர் நாட்டுக்குத் தீங்கு செய்தார் என்று ஹேபர் பின்னர் குற்றம் சாட்டினார். ஓட்டோ ஹானிடம் ஹேபர் இத்திட்டத்தைச் சொன்னபோது, இது ஹேக் உடன்படிக்கைக்கு விரோதமாயிற்றே என்று ஹான் கேட்டாராம். போர் விரைவில் முடிந்து எத்தனையோ உயிர்கள் பிழைக்கும் என்று ஹேபர் விடை கூறியதாக ஹான் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதை நம்பி ஹானும் சேர்ந்தார். போரோ அதன்பின் மூன்றரை ஆண்டுகள் நீடித்தது.

நாட்டுப்பற்று என்ற விளக்கம் இன்னோர் இடத்திலும் தளர்கிறது. போர் ஓய்ந்தபிறகும், ஜெர்மனியிலும் வெளிநாடுகளிலும் இரகசியமாக நடந்த நச்சுவாயு முயற்சிகளுக்கு ஹேபர் துணைநின்றார் என்று வரலாற்றாசிரியர்கள் காட்டியுள்ளனர். போர்க்காலப் பதற்றம் இதற்குச் சமாதானமாகாது.

ஹேபரின் மனைவி கிளாரா இம்மர்வாரும் வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். ஈப்ரே தாக்குதல் நடந்து பத்தே நாளில், 1915 மே 2-ஆம் நாள், கணவரின் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தார். நச்சுவாயுவை எதிர்த்தே உயிர்விட்டார் என்று பலர் எழுதுகின்றனர். அவர் எழுதிவைத்த கடிதம் எதுவும் கிடைக்காததால், காரணத்தைப் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. ஒரு பெண்ணின் துயரத்தை நம் வாதத்திற்குச் சாட்சியாக இழுக்க வேண்டாம். ஹேபரின் செயல்களே போதிய சாட்சி.

நமக்குரிய பங்கு

1933-இல் ஹிட்லர் ஆட்சி, யூதர்களைப் பணியிலிருந்து நீக்கச் சட்டம் கொண்டுவந்தது. போரில் தொண்டாற்றியவர் என்பதால் ஹேபர் பதவியில் நீடித்திருக்கலாம். ஆனால் தம் சக ஊழியர்களை இனம் பார்த்து நீக்க மனமின்றிப் பதவி விலகினார். நாட்டைவிட்டு வெளியேறி, 1934 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் காலமானார். அரசு கேட்கும் எல்லாவற்றுக்கும் ஒரு விஞ்ஞானி இணங்கத் தேவையில்லை என்பதை அவரே இறுதியில் செய்து காட்டினார். 1915-லும் அது இயலாத காரியமாக இருந்திருக்காது அல்லவா?

மூன்றாவது வினா இன்றும் முடிந்துவிடவில்லை. தேவைக்கு மேல் இட்ட உரம் ஏரிகளிலும் கடலோரத்திலும் கலந்து, பாசியைப் பெருக்கி மீன்களைச் சாகடிக்கிறது. மண்ணிலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடு, வெப்பத்தைத் தேக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 270 மடங்கு வலியது. இதற்கு ஹேபரைக் குறைசொல்லிப் பயனில்லை. அளவறிந்து இடவேண்டிய கைகள் இப்போது நம்முடையவை.

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் நாளை ஆய்வுக்கூடங்களில் நிற்பீர்கள். அடுத்த முறை “விஞ்ஞானம் ஆக்கத்திற்கா, அழிவிற்கா?” என்ற தலைப்பில் மேடை ஏறும்போது, விஞ்ஞானம் என்ற சொல்லுக்குப் பின்னால் நிற்கும் மனிதரையும் கூப்பிட்டு நிறுத்துங்கள். அவர் கண்டதற்காகப் பாராட்டுங்கள். பிறர் செய்ததற்காக அவரைப் பழிக்காதீர்கள். அவர் தம் கையால் செய்ததற்கு மட்டும் தயங்காமல் பதில் கேளுங்கள்.