ஓல்ட் நம்பர் ஒன்: அசலா, உண்மையா?

பழைய ரேஸ் கார்களைத் தேடிப் பிடித்து, சரிசெய்து ஓட்டுகிறவர்களை ஒரு கேள்வி விடாது: எத்தனை பாகம் மாற்றினால் அது வேற காராகிவிடும்?

1990-ல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கே இந்தக் கேள்வி வந்தது. 'ஓல்ட் நம்பர் ஒன்' என்கிற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ், 1929, 1930 இரண்டு வருஷமும் லு மான் பந்தயத்தில் ஜெயித்த கார். 1932-ல் புரூக்லண்ட்ஸ் சாய்தளத்தின் மேல் விளிம்பைத் தாண்டி விழுந்ததில், ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்தார். அப்புறம் கூபே பாடி கட்டி ரோட்டுக்கு வந்தது. ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், 'இது அந்தக் காரே இல்லை' என்று பின்வாங்கினார்கள்.

நீதிபதி ஓட்டன் சொன்னதன் சாரம்: 1929-ன் பாகங்கள் அநேகமாக மிச்சமில்லை, அதனால் 'அசல்' இல்லை. ஆனால் இடையில் அறுபடாமல் மாறிக்கொண்டே வந்த அதே கார், அதனால் உண்மையானது.

எனக்கு இது சரியான தீர்ப்பு. பதினைந்து வருஷம் ஓடுகிற மென்பொருளில் முதல் வெர்ஷனின் வரிகள் பல மாறிப்போயிருக்கலாம். இருந்தும் அதே மென்பொருள்தான், ஒவ்வொரு மாற்றமும் பதிவில் இருப்பதால்.

ஆக, தீர்ப்பைத் தாங்குவது இரும்பு இல்லை, வரலாறு. ஜெயித்த வருஷத்தின் தோற்றம் வேணும்னு பிந்தைய மாற்றங்களைச் சுரண்டி எடுக்கிறவர் அந்த வரலாற்றைத்தான் அழிக்கிறார். பளபளப்பு மிஞ்சும், ஆனால் டன்ஃபீ இறந்த 1932 காணாமல் போயிருக்கும். மாற்றுங்க, ஓட்டுங்க. என்ன மாற்றினோம்னு எழுதி வைங்க.