பெட்டிக்குள் இருக்கும் தாள் யாருக்கு எழுதியது?

இன்டர்பெரான் ஊசிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பல மடிப்பாக மடித்த ஒரு தாள் இருக்கும். விரித்துப் பார்த்தால் பொடி எழுத்து, ஆங்கிலம். நம் நாட்டில் விற்கும் இந்த மாதிரித் தாள்கள் பலவற்றின் உச்சியில் ஒரு வரி வரும்: பதிவு பெற்ற மருத்துவர், மருத்துவமனை, ஆய்வகம் ஆகியோரின் உபயோகத்துக்கு மட்டும். ஊசி போட்டுக்கொள்ளப் போகிற ஆள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆனால் தாள் போய்ச் சேருவது என்னவோ அவர் வீட்டுக்குத்தான்.

ஒரு புத்தகத்தை விமர்சிப்பதுபோல இந்தத் தாளை விமர்சித்தால் என்ன? வாசகர் தஞ்சாவூர்ப் பக்கம் நெல் விவசாயம் பார்க்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் மருந்து. வைரஸ் தாக்கிய செல் பக்கத்துச் செல்களை எச்சரிக்கச் சுரக்கும் புரதம்தான் இன்டர்பெரான். 1957-ல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். பிறகு அதுவே மருந்தானது. ஆல்பா வகை ஹெபடைடிஸ் பி, சி கல்லீரல் அழற்சிகளுக்கு, பீட்டா வகை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கு. 2018 ஜூலையில் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்து சி வகைக்கு இலவச மாத்திரை கிடைத்தபின் ஊசியின் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது. மற்ற நோய்களுக்கு இன்னும் எழுதித்தான் தருகிறார்கள்.

தாள் பொய் சொல்வதில்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆல்பா வகைக்கான எச்சரிக்கையில் மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், தன்னெதிர்ப்பு நோய்கள், ரத்த ஓட்டத் தடை, கடும் தொற்று எல்லாம் இருக்கின்றன. வெள்ளணுவும் தட்டணுவும் குறையலாம், தைராய்டு கெடலாம், பார்வை மங்கலாம் என்றும் சொல்கிறது. கல்லீரல் முற்றிலும் தளர்ந்துபோனவருக்குக் கூடாது என்கிறது. விஷயம் குறைவில்லை. குறை வேறு இடத்தில்.

குளிர்சாதனப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். 2 முதல் 8 டிகிரிக்குள் வை, உறைய விடாதே என்று ஒரு வரி. சில பிராண்டுகளைக் குறிப்பிட்ட நாட்கள் வரை 25 டிகிரியில் வெளியே வைக்கலாம் என்றும் இருக்கும். சித்திரை வெயிலில் தஞ்சாவூரில் 25 டிகிரி உள்ள அறை எது? 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு டெல்டாவில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த நாட்களில் ஊசியை என்ன செய்வது? வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். பஸ்ஸில் கொண்டு போகிறவர் நல்லெண்ணத்தில் ஐஸ் கட்டிக்குள்ளேயே ஊசியைப் புதைத்து வைப்பார். அது உறைந்து பாழாகும். ‘ஐஸ்மேல் நேராகப் படாமல் துணி சுற்றி வை, கரண்ட் நெடுநேரம் போனால் போடுவதற்கு முன் மருந்துக் கடையில் கேள்’ என்று இரண்டு வாக்கியம் போதும். தாளில் இப்படிப் பேசும் குரலே கிடையாது.

அடுத்தது காய்ச்சல். ஊசி போட்ட சில மணி நேரத்தில் காய்ச்சல், குளிர், உடம்புவலி வருவது சகஜம். ராத்திரி படுக்கப்போகும்போது போட்டுக்கொள், மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் எடு என்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் சேற்றில் இறங்கி நடவு நடுகிற ஊரில் எலிக்காய்ச்சலும் உண்டு, மழைக்காலத்தில் டெங்குவும் உண்டு. வெள்ளணு குறைந்திருப்பவர் ‘ஊசிக் காய்ச்சல்தானே’ என்று மூன்று நாள் படுத்துக்கிடந்தால் அதுதான் ஆபத்து. மறுநாளும் விடாத காய்ச்சலை ஊசியின் கணக்கில் எழுதக்கூடாது. ரத்தம் பார்க்க வேண்டும். காய்ச்சல் வரும் என்று சொல்கிற தாள், எந்தக் காய்ச்சல் தன்னுடையது இல்லை என்றும் அதே இடத்தில் சொல்ல வேண்டாமா?

மூன்றாவதுதான் கனமானது. மனச்சோர்வைப் பற்றிய எச்சரிக்கை மருத்துவரைப் பார்த்துப் பேசுகிறது: நோயாளியைக் கண்காணிக்கவும். மாதம் ஒருமுறை ஐந்து நிமிஷம் பார்க்கிறவர் எப்படிக் கண்காணிப்பார்? தூங்காமல் புரளுவதையும், சோற்றைத் தள்ளிவைப்பதையும், எரிந்து விழுவதையும் முதலில் பார்ப்பது மனைவியோ அம்மாவோதான். அவர்களோ ‘நோயாளி, அலுப்பு, அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடுவார்கள். மருந்தே மனசை இப்படிப் பண்ணும் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லையே! நெல்லுக்கு அடிக்கும் பூச்சிமருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற வீடுகள் இவை. சிகிச்சை முடியும்வரை அதை வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள் என்பது டெல்டாவுக்கு எழுதும் தாளில் முதல் பத்தியில் வர வேண்டியது. கூடவே 14416 என்ற டெலி மானஸ் எண்ணும்.

இது எழுதினவரின் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. 1945-ஆம் வருஷத்து மருந்து விதிகளின் டி-2 அட்டவணையே இந்தத் தாள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பாவில் நோயாளிக்கென்று தனித்தாள், அந்தந்த நாட்டு மொழியில், சாதாரண ஆட்களிடம் வாசிக்கக் கொடுத்துப் பார்த்த பிறகே பெட்டிக்குள் போகிறது. அமெரிக்காவில் இதே மருந்துக்கு நோயாளிக்கான கையேடு தனியாக உண்டு. அபாயம் மூன்று இடத்திலும் ஒன்றேதான்.

‘இதையெல்லாம் சொன்னால் பயந்துபோய் ஊசியை நிறுத்திவிடுவார்கள்’ என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு. நியாயமான கவலை. ஆனால் ஒன்றும் தெரியாதவர் முதல் ராத்திரி நடுக்கத்திலேயே நிறுத்திவிட மாட்டாரா? வரப்போவது இன்னது என்று தெரிந்தவர்தான் தாக்குப்பிடிப்பார். தாங்க முடியாதபோது தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் போவார்.

உங்கள் வீட்டில் யாராவது இந்த ஊசி போட்டுக்கொண்டால் அடுத்த முறை அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டே போங்கள். இதில் எங்களுக்கு உள்ளது எது, எந்தெந்த ரத்தப் பரிசோதனை எப்போது, எந்த அறிகுறி வந்தால் அன்றைக்கே வர வேண்டும் என்று கேட்டு, பதிலை அதன் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். பின்பக்கத்திலும் அச்சடித்திருந்தால் ஒரு நோட்டில். இப்போதைக்கு அந்தக் கையெழுத்துப் பிரதிதான் உங்களுக்கென்று எழுதிய தாள்.