மாத்திரையும் குளிசையும்

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் மருத்துவக் கல்லூரியும் அதனோடு மருத்துவமனையும் இருக்கின்றன. ஆனாலும் காஞ்சிபுரத்துத் தறிக்காரருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டால் முதலில் மெடிக்கல் ஷாப்புக்குத்தான் போகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கூலி புடவைக் கணக்கில் வருகிறது, ஓ.பி. வரிசையில் நின்றால் அன்றைய நெசவு போயிற்று. நாள் முழுக்கத் தறிக்குழியில் மிதித்த காலோடு வந்து, "மூட்டு வலிக்கு ரெண்டு வேளைக்கு செட் குடுங்கண்ணே" என்கிறார். அட்டையைக் கத்தரித்து, நாலு வித மாத்திரை ஒரு காகித உறையில் வருகிறது. அவற்றில் வரும் வலி மாத்திரைகளான டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் இரண்டும் மருத்துவர் சீட்டின்பேரில் மட்டுமே விற்க வேண்டியவை. அந்த எச்சரிக்கை அட்டையில் இருக்கும். கத்தரித்த துண்டில் மருந்தின் பெயர்கூடப் பல நேரம் மிஞ்சுவதில்லை.

யாழ்ப்பாணத்தில் மாத்திரை குளிசையாகிறது, வலி நோவாகிறது, மருந்துச் சீட்டு துண்டாகிறது. துண்டில்லாமல் பாமசியில் நோக்குளிசை வாங்குவோர் அங்கும் உண்டு. நான் கவனித்த வேறுபாடு கொப்பியில், அதாவது நோட்டில், இருக்கிறது. பிறெஷருக்கோ சலரோகத்துக்கோ (நம் சுகர்) அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகிறவர் கையோடு ஒரு கொப்பி கொண்டுபோவார். என்ன குளிசை, எத்தனை வேளை என்பதெல்லாம் அதில் ஏறும். மருந்தைக் கம்பெனிப் பெயரால் அல்லாமல் பொதுப்பெயரால் அறியும் வழக்கத்துக்கு அங்கே ஆழமான வேருண்டு. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகக் காரணமான பேராசிரியர் சேனக பிபிலே அதற்காகவே போராடியவர். பொதுப்பெயர் தெரிந்தவர், இரண்டு கம்பெனிப் பெயர்களில் ஒரே டைக்ளோஃபினாக்கை இரட்டிப்பாக விழுங்க மாட்டார்.

கொப்பியை நான் இவ்வளவு பெரிதாகப் பேசுவதற்குக் காரணம் சிறுநீரகம். மூட்டில் வீக்கத்தையும் வலியையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை இந்த வலி மாத்திரைகள் சுரக்கவிடாமல் தடுக்கின்றன. அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது. சிறுநீரகத்துக்கு இரத்தம் போகும் குழாயைத் திறந்து வைக்கிறது. வலி அடங்கும் வழியிலேயே வயிறும் சிறுநீரகமும் காவலை இழக்கின்றன. எனலாபிரில் அல்லது லோசார்ட்டான் வகைப் பிரஷர் மாத்திரையும், நீர் பிரிக்கும் மாத்திரையும், வலி மாத்திரையும் ஒரே உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று முடங்கக்கூடும். செட்டில் கூடவே வரும் பான்டோபிரசோல் வயிற்றை ஓரளவு காக்கும். சிறுநீரகத்தையோ இதயத்தையோ காக்காது. "கேஸ் மாத்திரை சேர்த்துத்தானே போடுறேன்" என்ற நிம்மதியைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது.

காய்ச்சலோடு மூட்டு வலி வந்தால் இலங்கையின் கண்டிப்பு இன்னும் கூடுதல். 2017இல் அந்தச் சிறிய தீவில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. டெங்குக் காலத்தில் பனடோல் (பாரசிட்டமால்) மட்டும்தான், நோக்குளிசை கூடாது என்று சுகாதார அமைச்சு ஓயாமல் சொல்கிறது. டெங்குவில் இரத்தத் தட்டணுக்கள் குறையும்போது இந்த மாத்திரை இரத்தக்கசிவைத் தூண்டிவிடும். சிக்குன்குனியா வலி என்று நினைத்து அதை விழுங்குவது நம் மழைக்காலத்திலும் அதே ஆபத்துதான்.

தேய்மானத்தால் வரும் முழங்கால் வலிக்கு முதலில் பூசும் ஜெல் போதும். மாத்திரை வேண்டியிருந்தால் ஒரே வகை, சாப்பிட்ட பிறகு, குறைந்த அளவில், சில நாள் மட்டும். பெரியவர்களுக்கு டைக்ளோஃபினாக் நாளுக்கு 150 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அசிக்ளோஃபினாக் 100 மில்லிகிராம் இருவேளைதான். குடற்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். மலம் கறுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கால் வீங்கினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கொப்பிக்கும் ஓர் ஓட்டை உண்டு: வெளியே வாங்கியதை நாமாகச் சொன்னால்தான் அதில் ஏறும். தமிழ்நாட்டில் அந்த ஓட்டையை அடைக்க ஒரு வசதி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. மாத்திரை கொண்டுவருபவர்கள் அடுத்த முறை வரும்போது, சட்டைப்பையில் இருக்கும் அந்தக் காகித உறையையும் எடுத்துக் காட்டுங்கள்.