புகழும் வேலையும்

மறக்கப்பட்ட பெரிய மனிதன் ஒருவனைப் பற்றிப் படம் எடுப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. அவன் மறக்கப்பட்டவன் என்று முதலிலேயே சொல்லியாக வேண்டும். சொன்ன மாத்திரத்தில் பார்ப்பவர் மனசில் இரக்கம் பிறந்துவிடுகிறது. இரக்கம் வந்த பிறகு யாரும் கேள்வி கேட்பதில்லை. உலூக் பெக் என்ற மத்திய ஆசிய மன்னனைப் பற்றி 2017-ல் வெளிவந்த டாக்குமெண்டரியைப் பார்த்தபோது எனக்கு இந்த எண்ணம்தான் மேலோங்கியது.

உலூக் பெக் 1394-ல் பிறந்தவன். தைமூரின் பேரன். ஸாமர்க்கண்டை ஆண்டுகொண்டே, 1420-களில் அங்கே ஒரு வான ஆராய்ச்சிக் கூடம் கட்டினான். 1437-ல் 1018 நக்ஷத்திரங்களுக்கு அட்டவணை தயாரித்தான். 1449-ல் பெற்ற மகனே அவனைக் கொல்ல ஏற்பாடு செய்தான். கூடம் இடிந்து மண்ணுக்குள் போயிற்று. 1908-ல் வியாட்கின் என்ற ருஷ்யர் அதைத் தோண்டி எடுத்தார். கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? நடிப்புக் காட்சிகளையும் அறிஞர்களின் பேச்சையும் சேர்த்துப் படத்தைச் சிரத்தையோடு எடுத்திருக்கிறார்கள். ஆனால் பார்த்து முடித்ததும் என் நினைவில் தங்கியது கொலைதான். அந்தக் கூடம் அல்ல.

கூடத்தில் இருந்த பிரதான கருவி, பூமியைக் குடைந்து அமைத்த ஒரு கல் வில். அதன் ஆரம் ஏறக்குறைய 40 மீட்டர். உச்சிவேளையில் மேலே உள்ள துளை வழியாக வரும் சூரிய ஒளி, வில்லில் எந்த இடத்தில் விழுகிறது என்று அளப்பார்கள். இத்தனை பெரிய வில் எதற்கு? அதில் ஒரு பாகை சுமார் 70 சென்டிமீட்டர் அகலம். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கைக்கூட வெறும் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். தொலைநோக்கி தோன்றுவதற்கு ஏறக்குறைய இருநூறு வருஷங்களுக்கு முன்னால், கருவியின் அளவையே கூர்மையாக மாற்றிக்கொண்ட யுக்தி இது. ஆண்டின் நீளத்தை அவன் கணித்ததில் ஏற்பட்ட பிழை ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. இந்த மனிதனின் நாடகம் இங்கேதான் இருக்கிறது. கொலை எந்த ராஜாவுக்கும் நேரக்கூடியது.

இந்தக் குறையை நான் பெரிதுபடுத்துவதற்குக் காரணம், நம் பக்கத்திலும் இப்படி ஒரு படத்துக்குக் காத்திருக்கிற ஊர் ஒன்று இருப்பதுதான். பெரம்பலூரிலிருந்து அரியலூர், ஜயங்கொண்டம் வழியாகப் போனால் கங்கைகொண்ட சோழபுரம் வருகிறது. முதலாம் ராஜேந்திரன் நிறுவிய நகரம். சுமார் இரண்டரை நூற்றாண்டுகள் சோழர்களின் தலைநகரம். இன்று கோவிலைத் தவிர அங்கே நிமிர்ந்து நிற்பது அதிகமில்லை. அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ மூலம் ராஜேந்திரனை அறிந்தவர்கள் நம்மில் பலர். நாவலாசிரியனுக்குக் கற்பனை செய்ய உரிமை உண்டு. டாக்குமெண்டரிக்காரருக்கு அது கிடையாது.

ராஜேந்திரன் வானசாஸ்திரி அல்ல. ஆனாலும் அந்தக் கோவிலில் ஒரு வானம் இருக்கிறது. ஒரே கல்லில் செதுக்கிய நவக்கிரகம்: கீழே ஏழு குதிரைகள் பூட்டிய தேர், மேலே விரிந்த தாமரை, சுற்றிலும் மற்ற எட்டுக் கிரகங்கள். நடுவில் சூரியனுக்கு மனித உருவம் இல்லை, தாமரையே சூரியன். சாளுக்கிய நாட்டிலிருந்து வந்த கல் என்று கருதுவோரும் உண்டு. சூரியன் நடுவில் இருப்பதைக் கண்டதும், ‘கோபர்நிகஸுக்கு முன்பே தமிழன் அறிந்திருந்தான்’ என்று படத்தில் ஒரு குரல் முழங்கும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அது பொய். வழிபாட்டு முறை வேறு, வானக் கணிதம் வேறு. கணிதத்தைப் பார்க்க வேண்டுமானால் கல்வெட்டுகளைப் பார்க்க வேண்டும். கிழமையும் நக்ஷத்திரமும் குறித்திருக்கிற சாசனங்களைக் கொண்டுதான் பிற்காலத்தார் தேதிகளைக் கணக்கிட்டார்கள். அதற்கென்றே எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922-ல் பெரிய பஞ்சாங்க அட்டவணை ஒன்றை வெளியிட்டார். ஒரு சாசன வரியிலிருந்து ஒரு தேதி எப்படிப் பிறக்கிறது என்று காட்டினால், அது எந்த யுத்தக் காட்சிக்கும் இளைத்ததல்ல.

இரக்கத்துக்கும் இங்கே ஒரு பொறி உண்டு. 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது கோவிலின் மதிலையும் கோபுரத்தையும் உடைத்துக் கல் எடுத்தார்கள். படத்தில் இந்த இடத்தில் சோக சங்கீதம் நிச்சயம். அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அணையிலிருந்துதான் வடவாறு வழியாக, சோழர் வெட்டிய வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போகிறது. கங்கை வெற்றியின் நினைவாக ராஜேந்திரன் சோழகங்கம் என்ற ஏரியை வெட்டினான். அதை நீரால் ஆன ஜயஸ்தம்பம் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு வர்ணிக்கிறது. வெற்றியைத் தண்ணீராக எண்ணத் தெரிந்தவன் கோவிலின் கல்லும் தண்ணீருக்குக் காவலாய்ப் போனது, வெறும் அழுகையில் அடங்குகிற விஷயமா? இரண்டையும் சேர்த்துச் சொல்லத்தான் கலைஞன் வேண்டும்.

மறக்கப்பட்டவனை நினைவுபடுத்துவது என்றால் அவனுக்காகக் கண்ணீர் விடுவதோ, அவன் செய்யாததை அவன் தலையில் ஏற்றுவதோ அல்ல. அவன் செய்த காரியம் எப்படி நடந்தது என்று புரியவைப்பதுதான். ராஜேந்திரனைப் புகழ நம்மிடம் ஆட்களுக்குக் குறைவில்லை. அந்த ஏரியின் கரையையும் அந்தத் தாமரைக் கல்லையும் அவசரப்படாமல் பார்க்கத் தெரிந்த ஒரு படக்காரர் வரட்டும்; அவர் படத்துக்கு முதல் ஆளாக நான் டிக்கெட் வாங்குவேன்.